முதல் பக்கத்துக்கு ஒரு படம்

நண்பனாக இருந்தவனுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருந்தபோதே போனை வைத்துவிட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை.

போன வருடம் நிரஞ்சனா கார் பந்தயத்தில் தேசியப் பட்டம் வென்றாள். மறுநாள் உன் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரரின் கட்டைவிரல் வீக்கம் அரைப் பக்கத்துக்கு வந்தது. என் மகளுக்கு ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "கார் ஓட்டுறத எவன்டா மச்சான் படிப்பான்? வேணும்னா டிராபிக் நியூஸ்ல போடறேன்" என்று சிரித்தாய்.

கோயம்புத்தூர் பந்தயத்தில் அவள் கார் உருண்டதும் என் நம்பர் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "முதல் பக்கம்டா. நல்ல போட்டோவா அனுப்பு" என்றாய். அவள் எப்படி இருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டாய்.

இரண்டு கால்களிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். மறுபடி ஓட்டலாம் என்கிறார் டாக்டர்.

உனக்குப் படம் தரமாட்டேன் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அனுப்பிடுங்கப்பா. ஜெயிச்சும் பேப்பர்ல வரலைன்னுதான் ஸ்பான்சர் கழண்டுக்கப் பாக்குறாங்க. அவங்க பேரு ஒரு தடவ வந்துட்டா அடுத்த வருஷமும் இருப்பாங்க."

கோப்பையோடு அவள் நிற்கும் படத்தைக் காட்டினேன்.

"அத போட மாட்டாங்கப்பா" என்றாள்.

அவளே தேர்ந்தெடுத்ததை இத்துடன் அனுப்புகிறேன். கார் கவிழ்ந்து கிடக்கிறது. கதவில் ஸ்பான்சர் கம்பெனியின் பெயர் தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிகிறது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடாதே.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா