உன் அம்மாவுக்கு நான் படிக்காமல் விட்ட வரிகள்

கவரைக் கிழித்ததும் அந்தச் சோப்பு வாசனைதான் முதலில் வந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் உன் கடிதங்களில் வந்த அதே வாசனை. ஒரு கணம் நீதான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி போன மாதமே டெலிபோனில் வந்தாயிற்று. இது அங்கே உன் கூடவே இருந்த அந்த அயர்லாந்துக்காரி எழுதியது. அவள் பெயர் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை வாயால் சொன்னதில்லை. ஆக, அந்த வாசனையும் உன்னுடையது இல்லை, அவளுடையது. சோப்பு விஷயத்தில்கூட ஏமாந்திருக்கிறேன்.

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். பிடிக்காத வரிகளைத் தாண்டிப் போவது எனக்குப் பழைய பழக்கம். அதைப் பற்றி உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். இனி நீ கோபித்துக்கொண்டு கடிதத்தை நிறுத்த முடியாதே.

நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மனுப் போட்டது நாம் இரண்டு பேர். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் உனக்கு முந்தி நான். ஏரியைச் சுற்றி நடக்க வைத்து உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தேர்ந்தெடுக்க வந்த டாக்டரம்மா இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வாய்? "எனக்கு வராது, மேடம்" என்றேன், இலக்கணம் பிசகாமல். "அழுவேன், மேடம். அப்புறம் டூட்டிக்குப் போவேன்" என்றாய் நீ, நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில். உன்னை எடுத்தார்கள். கொடை ரோடு ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிட்டு எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். பிரிவுத் துயரம் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் உன் கடிதங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு விற்று முடித்ததும் உன் அம்மா நேராக என் வீட்டுக்கு வருவார். இடுப்பில் சுருக்குப்பையோடு உன் கவரும் இருக்கும், பிரிக்காமல். எழுத்துத் தெரியாதவர். "வெரசாப் படி தாயி, இருட்டுறதுக்குள்ள அட்டுவம்பட்டிக்குப் போயிரணும்" என்பார்.

நீ எழுதுவதும் அந்த டாக்டரம்மாவிடம் சொன்ன பதில் மாதிரிதான் இருக்கும். முதலில் அழுகை, அப்புறம் டூட்டி, அதற்கப்புறம் ஏதாவது சிரிப்பு. மீட்டரில் காசு போட்டால்தான் அறையில் கணப்பு எரியும். காசு தீர்ந்த ராத்திரி கோட்டோடு போர்வைக்குள் சுருண்டு அழுதேன் என்பாய். உருளைக்கிழங்கு தோண்டி அலுத்துப் போய்க் கப்பலேறியவளுக்கு அங்கேயும் தினம் அவித்த உருளைக்கிழங்கு, அதுவும் மிளகாய் இல்லாமல். "கொடைக்கானல் புள்ளைக்குக் குளிரா?" என்று சொல்லித்தான் ஊரே உன்னை அனுப்பியது, முதல் பனிக்காலத்திலேயே உன் விரல்கள் வெடித்துவிட்டன. இதையெல்லாம் நிறுத்தி நிதானமாக உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அடுத்து வரும் வரிகள்தான் எனக்கு ஆகாதவை. பக்கத்து அறை அயர்லாந்துப் பெண் கதவைத் தட்டி, தன் கணப்புப் பக்கத்தில் உன்னை உட்கார வைத்தாள். வார்டில் ஒரு கிழவர் உன் கையால் கொடுத்தால்தான் மருந்து குடிக்கிறார். அவள் உனக்குச் சைக்கிள் பழக்குகிறாள். காலை அவசரத்தில் அவள்தான் உனக்குத் தலை பின்னிவிடுகிறாள். அங்கே வந்ததும் என் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தச் சடையைப் பின்னியவள் நானடி. நீ சீமைக்குப் போனதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். உன் தலையை இன்னொருத்தி தொட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறேழு கடிதம் இப்படியே போயிற்று. சந்தையில் வாய் ஓயாத உன் அம்மா என் வீட்டில் உட்கார்ந்தால் முந்தானை நனையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்: "போதும் தாயி. எம்புள்ள அங்க கெடந்து சீரழியுது. கெளம்பி வந்துரச் சொல்லி எழுது." பேனா என் கையில். எழுதினேன். அவர் சொல்லாத ஒரு வரியையும் நானாகச் சேர்த்தேன்: அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. நீ திரும்பி வந்து, என்னோடு இதே சந்தையில் பூண்டு வாடையில் நடக்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை. அன்றைக்கே தபால் பெட்டியில் போட்டேன்.

உன் பதில் கனமாக வந்தது. நான் பிரித்ததும் ஒரு போட்டோ நழுவி உன் அம்மாவின் மடியில் விழுந்தது. சைக்கிள் மேல் நீ, பின்னால் சீட்டைப் பிடித்தபடி அவள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். உன் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டுப் பல்லுத் தெரிய எம்மக சிரிச்சு நான் பாத்ததில்லையே. யாரு தாயி இந்த வெள்ளக்காரப் புள்ள?"

"கூடப் படிக்கிறவங்க, பெரியம்மா."

"நீ படிச்ச காயிதம் ஒண்ணுலகூட இவ வரலையே?"

நான் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை தாவ முடியவில்லை. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன், மேட்ரனிடம் சொல்லிவிட்டேன், அடுத்த கப்பலுக்கு விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

"எனக்கென்ன கேடு? கல்லுக் கணக்கா இருக்கேன்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளனே வந்து நின்று என்னைத் தபாலாபீஸுக்குக் கூட்டிப் போனார். அம்மா சௌக்கியம், வர வேண்டாம் என்று தந்தி எழுதச் சொன்னார். நான் எழுதியதைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, அவர் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார். வீட்டுக்கு வந்ததும் மடியிலிருந்து உன் பழைய கடிதங்கள் மொத்தத்தையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப விட்டதையெல்லாம் படி."

படித்தேன். கணப்பு, கிழவர், சைக்கிள், சடை, ஒன்று விடாமல். அவள் பெயரை மட்டும் 'அந்தப் புள்ள' என்று மாற்றிப் படித்தேன். நீ சைக்கிளோடு போய்ப் பால்காரன் மேல் மோதிய இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிச் சிரித்தார். முடித்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "சோலி கெடக்கு, வாரேன்" என்று வாசல் வரை போனவர் திரும்பி, "ஒனக்கும் போகணும்னு ஆசைதான தாயி?" என்று கேட்டார். அதற்குத்தான் நான் அழுதேன். அடுத்த ஞாயிறும் கவரை என்னிடமேதான் கொண்டுவந்தார். படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் வேறு இல்லாமலா?

அவர் உன்னிடம் இதைச் சொல்லவே இல்லை என்பது, அவர் சாவுக்கு நீ வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒரு வரி விடாம நீதானடி படிச்சுக் காட்டுன" என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் சடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பின்னுகிற மாதிரி இல்லை, வேறு மாதிரி பின்னியிருந்தது.

உன் அம்மாவுக்கு அப்போதே படித்துக் காட்டிய வரிகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. விட்ட வரிகள் அத்தனையும் மனப்பாடம். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. எண்பது வயதில் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, மடித்து வைத்த இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். எதிரே உன் அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி, அயர்லாந்துக்காரியின் இங்கிலீஷைத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சத்தமாகப் படித்தேன். கடைசி வாரத்தில் உனக்கு வலி அதிகம் என்று இருந்தது. படித்தேன். "தினம் காலையில் நான்தான் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டேன்" என்று இருந்தது. கண் தாவப் பார்த்தது. விடவில்லை, இரண்டு தடவை படித்தேன். கீழே அவள் பெயர் இருந்தது. அதையும் வாய்விட்டுப் படித்தேன்.

நோரா.