அக்கா சொன்னால் இருமுவார்

1994 ஜூலை 5, செவ்வாய்

வெயில். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. நாளை இவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

"சிகரெட் எப்போ விட்டீங்க?"

"ரொம்ப நாளாச்சு டாக்டர்."

சட்டைப் பையில் தீப்பெட்டி.

"கல்லுக்கு அவசரமில்ல சார். இவ்வளவு சளியோட மயக்கம் குடுத்தா அப்புறம் நிமோனியா வந்துடும். ரெண்டு மாசம் புகையே கூடாது. அப்புறம் வாங்க."

நல்ல நாள் போச்சு. கோபம் கோபமாக வந்தது. ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் திரும்பினோம்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கிராம்பு வாங்க வேண்டும். சிகரெட்டுக்குப் பதில் அதைத்தான் மெல்கிறார். எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுகிறார். ஆனால் புகை பிடிக்க மொட்டை மாடிக்குப் போவதில்லை. மூச்சுப் பயிற்சிக்கு டாக்டரம்மா கொடுத்த மூன்று பந்துக் கருவியை முதல் நாள் ஊதித் தள்ளினார். மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமாம். இப்போது இரண்டு பந்து எழும்புகிறது. காலை இருமல் பாதியாகிவிட்டது. அந்த அம்மாள் சொன்னது சரிதான்.

செப்டம்பர் 6, செவ்வாய்

பிரதமை வேறு. நாள் பார்க்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

செப்டம்பர் 7, புதன்

ஆதம்பாக்கத்திலிருந்து இவருடைய அக்கா விடிந்ததும் ஆஜர். "இருமாதேடா அம்பி, தையல் பிரிஞ்சுடும்." அக்கா சொன்னால் இவருக்கு வேதவாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்தே கிடந்தார். மத்தியானம் உடம்பு சுட்டது. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன்.

டாக்டரம்மா நெஞ்சைக் கேட்டார். "சளி கட்டுது. இருமக் கூடாதுன்னு யார் சொன்னது?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. இவரை நிமிர்த்தி உட்கார வைத்து, வயிற்றோடு தலையணையை அணைத்து, அக்காவின் கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"தையல் பிரியாதும்மா, நான் பொறுப்பு. உங்க பேச்சைத்தான் கேக்கறார். நீங்களே சொல்லுங்க."

அக்கா தலையணையை அழுத்திப் பிடித்தாள். "இருமுடா."

இருமினார். வலியில் கண்ணீர். சளி வந்தது. எப்பேர்ப்பட்ட டாக்டர். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

செப்டம்பர் 9, வெள்ளி

காய்ச்சல் விட்டது. நெஞ்சு சுத்தம் என்றார் டாக்டரம்மா. மூன்று பந்தும் மேலே. காபி பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்தால் அக்காவைக் காணோம். பக்கத்துக் கட்டிலில், ஹெர்னியா ஆபரேஷன் ஆன ஆட்டோக்காரரிடம் நிற்கிறாள்.

"இருமினா உயிரே போவுதும்மா."

"போகாது. தலகாணிய கட்டிண்டு இருமு. நான் பிடிச்சுக்கறேன்."