எல்லப்பன் போட்ட கையெழுத்து

அர்பானா, இல்லினாய்
8-7-1956

என் செல்லத் தங்கை சரோஜாவுக்கு,

அண்ணன் சென்னகிருஷ்ணன் எழுதுகிறேன். படிப்பு நன்றாக நடக்கிறது, சாப்பாடுதான் சரியில்லை. ராகிக் களிக்கு நாக்கு ஏங்குகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே, அழுதுவிடுவாள்.

இங்கே நவம்பரில் ஜனாதிபதி தேர்தல். பெரிய கட்சிகள் இரண்டின் பெயரும் வாக்குச்சீட்டில் தானாக அச்சாகிவிடும். மூன்றாவதாக ஒருவர் நின்றால் அவர் பெயரை அச்சடிக்கவே இந்த மாகாணத்தில் இருபத்தையாயிரம் கையெழுத்து வேண்டுமாம். அதுவும் ஒரே ஊரில் வாங்கினால் செல்லாது; ஐம்பது ஜில்லாக்களில் தலா இருநூறாவது இருக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

பக்கத்து மரப்பட்டறையில் வேலை செய்யும் வாக்கர் என்ற தச்சர் இதற்காக வீடு வீடாகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் துணைக்குப் போகிறேன். பாதிப் பேர் முகத்திலேயே கதவைச் சாத்துகிறார்கள். "ஜெயிக்கவா போகிறீர்கள்?" என்று கேட்டேன். "தோற்கட்டும். அந்த இரண்டு பேரையும் பிடிக்காதவன் எங்கே போவான்?" என்றார்.

நம் ஊருக்கும் அடுத்த வருஷம் தேர்தல் வருகிறது. நீ நில், சரோஜா. எல்லப்பனின் தங்கை நாகம்மா செத்தபோது நீ எழுதின கடிதத்தை நான் மறக்கவில்லை.

உன் அண்ணன்,
சென்னகிருஷ்ணன்


ஜவளகிரி
20-12-1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரோஜம்மாளின் வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நிற்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

நாகம்மா பிரசவ வலியோடு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சேற்றில் மாட்டின வண்டியிலேயே செத்தாள். இரண்டு கட்சிக்காரர்களும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் காரும் அதே சேற்றில் மாட்டியது, நாங்கள்தான் தள்ளிவிட்டோம். அப்போதும் ரோடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்களுக்கு இருபத்தையாயிரம். இங்கே என்னை முன்மொழிய ஒரே ஒரு கையெழுத்துப் போதும். அந்த ஒன்று கிடைக்கவில்லை. தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், கன்னடத்திலும் கேட்டேன். மூன்று பாஷையிலும் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றுதான் பதில்.

எல்லப்பன் ஒருவர்தான், "எந் தங்கச்சிய வண்டியிலயே பறிகுடுத்தேன். எங்க போடணும்னு காட்டுங்க தாயி, போடறேன்" என்கிறார். ஆனால் அவர் உழுவது பெரிய வீட்டுக்காரர் நிலம். வாய்ப்பேச்சில் குத்தகை. பெரிய வீட்டுக்காரர் எந்தக் கட்சிப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அங்கே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஏதாவது தொல்லை வந்ததா? ஒளிக்காமல் எழுதுங்கள். வந்தது என்றால் எல்லப்பனை விட்டுவிடுவேன், நிற்கவும் மாட்டேன்.

தங்கை,
சரோஜம்மாள்


அர்பானா
3-1-1957

அன்புச் சரோஜா,

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். என் தங்கை தேர்தலில் நிற்கிறாள் என்றதும் பேராசிரியரே கை குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொல்லை ஒன்றும் வரவில்லை. வாக்கர் சௌக்கியம். எல்லப்பனைத் தைரியமாகப் போடச் சொல்.

அண்ணன்


ஜவளகிரி
2-4-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

தோற்றுவிட்டேன். என் சின்னம் ஒட்டின பெட்டியில் முந்நூற்றுப் பதினேழு சீட்டு. அதற்காக நான் அழவில்லை.

மனு கொடுத்ததும் என் பெயரையும் முன்மொழிந்தவர் பெயரையும் ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். அது வழக்கமாம். சாயங்காலத்துக்குள் பெரிய வீட்டுக்குச் சேதி போய்விட்டது. மறுநாள் காலை, பாதி உழுத நிலத்தில் எல்லப்பனை ஏரை அவிழ்க்கச் சொன்னார்கள். குத்தகைக்காரனைக் காக்கச் சட்டம் இருக்கிறது என்று ஓசூர் வக்கீல் சொன்னார். எழுதின சீட்டு எங்கே என்றும் அவரே கேட்டார். கொடுப்பதற்கு நம்மிடமும் நிலம் இல்லை. நீங்கள் கப்பல் ஏற விற்றது போக வீட்டுக் கொல்லைதானே மிச்சம்.

எல்லப்பனும் அவர் பெண்சாதி கெம்பம்மாவும் பெங்களூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். "நானாத்தான போட்டேன், நீங்க எதுக்கு அழுவறீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அண்ணா, நெஞ்சு ஆறவில்லை.

சரோஜம்மாள்


அர்பானா
18-4-1957

சரோஜா,

உன்னிடம் பொய் சொன்னேன்.

போன ஆகஸ்டிலேயே இங்கே ஒரு பத்திரிகை, கையெழுத்துப் போட்டவர்கள் பெயரையெல்லாம் அச்சிட்டது. அடுத்த வாரமே வாக்கரைப் பட்டறை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் ஊரைவிட்டே போனார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

நீ கேட்டபோது எனக்கு இதெல்லாம் தெரியும். சொன்னால் நிற்கமாட்டேன் என்று நீயே எழுதியிருந்தாய். நான் அதற்குள் ஊரெல்லாம் பெருமை அடித்திருந்தேன். அந்தப் பெருமையைக் கைவிட மனம் வரவில்லை. நான் வெளிநாட்டான், எந்தக் காகிதத்திலும் என் பெயர் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்கமாக இருக்கிறது, சரோஜா. என்னைத் திட்டியாவது எழுது.

அண்ணன்


ஜவளகிரி
12-5-1957

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்று அதைக் கையில் வைத்துக்கொண்டே சூளைக்குப் போனேன். எல்லப்பன் காய்ச்சலில் படுத்திருக்கிறார். அவர் அறுக்க வேண்டிய செங்கல்லையும் கெம்பம்மாவே சேர்த்து அறுக்கிறாள்.

"உங்கண்ணாரு கடுதாசியா? என்ன எழுதியிருக்காரு, படிங்க" என்றாள்.

பிரித்தேன். அதில் இல்லாததையெல்லாம் படித்தேன். அண்ணா ரொம்ப வருத்தப்படுகிறார், இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது என்று.

"அவருக்கு எப்பிடித் தெரியும், பாவம். அவ்ளோ தூரத்துல இருக்கறவரு" என்றாள். மண் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன், அண்ணா. உங்களுக்காகப் பொய் சொல்லிவிட்டு அவள் கூழைக் குடித்தேன்.

அம்மாவுக்கு எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன். எனக்கு எழுத வேண்டாம்.

சரோஜம்மாள்