தலை எண்ணிக்கை

நவ்ரீன் அத்தாவுக்கு சலாம்.

மலேசியாவுல, இந்த லங்காவியில இன்னிக்கு நம்ம பொண்ணு நவ்ரீன் காத்தாலயே என்னை ஸ்பீட் போட்டுல ஏத்தி, பொழுது சாயுற வரைக்கும் தீவு தீவா இட்டுக்கினு போனா. தண்ணி நம்ம எண்ணூர் முகத்துவாரம் மாதிரி இல்லீங்க. கழுத்தளவுல நின்னாலும் கால் விரல் தெரியுது. குட்டி மீனுங்க வந்து பாதத்தை மோந்து பாத்துட்டுப் போவுது. கனவுல நிக்கிற மாதிரியே கீது.

ஒவ்வொரு தீவுலயும் குளிச்சு ஏறுனதும் போட்டுக்காரர் தலை எண்ணுவாரு. பதினாலு வந்தாத்தான் போட்டை எடுப்பாரு. மூணாவது தீவுல நானும் கூடவே எண்ணுனேன். "ஒரு புள்ள கொறையுது, எடுக்காதீங்க!"ன்னு கத்திட்டேன். நவ்ரீன் என் கையைப் புடிச்சுக்கினு, "எல்லாரும் கீறாங்கம்மா"ன்னா.

அன்னிக்கு முகத்துவாரத்துல நம்ம மூத்தவன் தண்ணியோட போனது தெரியாம, தலை எண்ணாம மத்த புள்ளைங்களை ஆட்டோவுல ஏத்திட்டீங்கன்னு, பத்து வருஷமா உங்க மொகத்தைப் பாக்காமயே சோறு போட்டேன். இவ்ளோ தெளிஞ்ச தண்ணியில எனக்கே எண்ணிக்கை தப்பிப் போச்சுங்க.

வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வந்துருங்க. பழையபடி மூத்தவன் பேரைச் சொல்லித்தான் கூப்புடுவேன், திரும்பிப் பாருங்க, பிலால் அத்தா.

இப்படிக்கு,
உங்க வூட்டுக்காரி