ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

இன்று காலை ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் வந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். சைக்ளோஸ்டைல் மை இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. மாணவர்கள் தாங்களே நடத்தும் ஆராய்ச்சிக் கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திடம் நிதியுதவி கேட்கும் அதே படிவம். இத்தனை வருஷத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒன்பதாவது கேள்வியும் அப்படியே இருக்கிறது: கூட்டத்தில் பார்வைக்கு வைக்கப்படும் அரிய பொருள் ஏதேனும் உண்டா?

நான் கையெழுத்துப் போட்டால்தான் அது மேலே போகும். பேனாவைத் திறந்தவன், படிவத்தை ஒதுக்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு கடிதம் போட எனக்குக் கை வரவில்லை.

ஆந்திரம் பிரிந்த வருஷம் அது. சரித்திரத் துறையில் சேலம் ஜில்லாவின் வட மூலையிலிருந்து வந்தவர்கள் நாம் இருவர்தான். நான் நாகரசம்பட்டி, நீ உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு சண்டை போட மட்டும் தமிழ் என்று உன்னைக் கேலி செய்வேன். லீவு விட்டால் இருவரும் நடுகல் தேடி அலைவோம். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல் அது. எழுத்து தேய்ந்து கிடக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கல்தான் வேடியப்பன் சாமி.

மாணவர்கள் கூடி நடுகல்லைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும் என்பது உன் ஆசை. "பேராசிரியருங்க பேசறப்ப நாம பெஞ்சு தூக்கிப் போடறோம். நாம எப்பத்தான்டா பேசறது?" என்பாய். படிவத்தை வாங்கி இருவரும் நிரப்பினோம். ஒன்பதாவது கேள்வியை மட்டும் காலியாக விட்டுவிட்டு, கேழ்வரகு அறுப்புக்கு நீ ஊருக்குப் போனாய். காலியாக விட்டால் பணம் வராது என்று அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் எழுதினேன்: "உத்தனப்பள்ளி அருகிலுள்ள எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கொண்டுவரப்பட்டு மண்டபத்தில் வைக்கப்படும்." உன்னைக் கேட்கவில்லை. பத்தே நாளில் நிதி அனுமதியாகிவிட்டது.

நீ திரும்பி வந்து அதைப் படித்ததும் உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அது எங்க சாமிடா. சாமியை லாரியில ஏத்துவியா?"

"ஒரே ஒரு நாள்தானேடா. பத்திரமாத் திருப்பிக் கொண்டுபோய் வச்சிடலாம்."

நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சரி, கேட்டுப் பாக்கலாம் வா" என்று என்னையும் ஊருக்கு அழைத்துப் போனாய். பெரியவர்கள் நடுவில் நின்று, "இப்படின்னு எழுதிக் குடுத்துட்டோம். சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றாய். எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்த பிள்ளை நீ. நீதான் எழுதியிருப்பாய் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள். உன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன்.

வெள்ளிக்கிழமை பூக்கேட்டார்கள். பூசாரி கல்லைக் கழுவி, ஈரத்தோடு வலப்பக்கம் ஒரு பூவும் இடப்பக்கம் ஒரு பூவும் ஒட்டினார். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். இடப்பக்கத்துப் பூ விழுந்தது. கூட்டம் கலைந்து போனது. போகிற போக்கில் உன்னை அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா நான்?

கல் வராது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுத உட்கார்ந்தோம். "எங்கள் சாமி உத்தரவு தரவில்லை" என்று நீ எழுதினாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அடப்பாவி, சிரிப்பாங்கடா! லாரி கிடைக்கலைன்னு எழுது."

"லாரி கிடைச்சாத் தூக்கிட்டு வந்துடுவோம்னு ஆயிடுமே" என்றாய்.

கீழே நீ கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாய். "நீ போட்டதே போதும்" என்று சொல்லிவிட்டேன். நீ வற்புறுத்தவில்லை.

சிரிக்கத்தான் செய்தார்கள். நிதியை ரத்து செய்தார்கள். மண்டபத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். நம்மை அழைத்து, ஆராய்ச்சி செய்கிறவன் எழுதுகிற கடிதமா இது என்று கேட்டார்கள். கொடுக்க முடியாததை விண்ணப்பத்தில் எழுதியது யார் என்றும் கேட்டார்கள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க ஐயா" என்றாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பருவத்துக்கு உன் உதவித்தொகையை நீட்டிக்கவில்லை. நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் ஆரம்பப் பள்ளி வாத்தியாரானாய். நான் இங்கேயே இருந்து பட்டம் வாங்கினேன், வேலை வாங்கினேன், இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

காய்ச்சலில் நீ போன செய்தி காரியம் முடிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. பஸ்ஸும் ரயிலுமாக மாறி உன் வீடு வந்து சேர்ந்தேன். உன் மனைவி மோர் கொடுத்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். சாமியைப் பேத்து எடுத்துட்டு வரேன்னு அவரு என்னாத்துக்கு எழுதிக் குடுத்தாரு? அன்னையிலிருந்து பொங்கலுக்குப் பூசாரி அவரு கையால தேங்காயே வாங்கினதில்ல. ஒவ்வொரு வருசமும் கொண்டுபோவாரு, அப்படியே திருப்பி எடுத்துட்டு வருவாரு. கேட்டா வாயே தொறக்க மாட்டாரு."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உன் படிப்பு போனதுதான் என்னால் ஆன கேடு என்று நினைத்திருந்தேன். உன் சாமிக்கு முன்னாலும் நீ தலைகுனிந்து நின்றிருக்கிறாய், வருஷா வருஷம், எனக்காக.

"அவன் எழுதலைம்மா. நான் எழுதினேன்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை வையவும் இல்லை. "எங்கிட்டச் சொல்லி என்னாங்கண்ணா? வாங்க, சாமிகிட்ட வந்து சொல்லுங்க" என்று எழுந்துவிட்டாள்.

வந்தேன். பூசாரிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பெரியவர்கள் நாலைந்து பேரையும் கூட்டிவைத்துக்கொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் பூசாரி உன் மனைவியைப் பார்த்து, "வர்ற பொங்கலுக்கு உங்க வீட்டுத் தேங்காய் வரட்டும்மா" என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதும் சாப்பிட உட்காரும்போதும் அவர் சொன்னது வந்து நிற்கிறது. இனி என்னோடுதான் இருக்கும்.

"அவன் இருக்கறப்ப வந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி இருந்தா, அவன் கையாலயே வாங்கி இருப்பேனே, சார்."