கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குருத்தோலை

சற்று முன்புதான் உன் தங்கை வந்துவிட்டுப் போனாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, விபூதி புதன் வருது. எங்க கோயில்ல போன வருசத்துக் குருத்தோலையெல்லாம் கேக்கறாங்க. எங்க அக்கா மடிச்ச சிலுவை உங்ககிட்ட இருக்கும்னு அம்மா சொன்னாங்க."

காலையில் வா, எடுத்து வைக்கிறேன் என்றேன். அவள் போனதும் முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினேன். பின்னால் நீ செருகியிருந்த சிலுவை கையில் விழுந்தது. பழுப்பேறிப் போயிருக்கிறது. மோந்து பார்த்தேன். காய்ந்த ஓலையின் வாசனைதான்.

பயமாக இருக்கிறது. இதை எரித்து, அந்தச் சாம்பலால் உங்கள் ஆட்களின் நெற்றியில் சிலுவை போடுவார்கள். உன் பெட்டியும் சேலைகளும் நம் அறையிலிருந்து உன் அம்மாவோடு போய்விட்டன. உன் விரல் பட்டதில் என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் உன் முகமே மறந்துவிடுமோ.

இந்தக் கண்ணாடி முன்னால் நின்றுதான் நான் தினமும் விபூதி வைத்துக்கொள்வேன். வீட்டுக்காரம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஒரே ரூம்ல பட்டையும் சிலுவையும்! சாமிங்க சண்ட போட்டுக்கப் போவுதும்மா" என்பார். "சண்ட ஜாஸ்தியானா வாடகைய கம்மி பண்ணுவீங்களாக்கா?" என்று நீ கேட்டதும் சட்டென்று நகர்ந்துவிடுவார்.

இதய ஆபரேஷனுக்காக நீ வேலூர் போக வேண்டியிருந்த வாரம் அது. குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாய்.

"ஒருத்தரக் கொன்ன மரத்தப் போயி வீட்ல மாட்டுவாங்களாடி? பாத்தாலே எனக்குக் கலக்கமா இருக்குது" என்றேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "சிலுவையில அறையறதுக்கு முந்தின ராத்திரி அவரே பயந்து வேர்த்துப்போயி, வேணாமேன்னு கெஞ்சுனாருடி. அப்புறந்தான் எழுந்து போனாரு. பயமே தெரியாத சாமியா இருந்தா, அவருகிட்ட நான் இன்னிக்கு இன்னா பேசறது?"

உன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மடிப்பு கோணியது. "பாரு, சிலுவைக்கு ஒரு கை குட்டையாப் போச்சு" என்று சிரித்தாய்.

பிறகு நூலகத்தில் சிலுவையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பலி, மீட்பு, வெற்றி. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சிலுவை என்றால் எனக்கு அந்தக் குட்டைக் கைதான் நினைவுக்கு வருகிறது.

வேலூர் பஸ்ஸில் ஏறும்போது, "பயம் போச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போவுது? டிக்கெட் வாங்காம அதையும் கூட்டிக்கினு போறேன்" என்றாய். கண்டக்டர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ திரும்பி வரவில்லை.

குட்டைக் கை ஒடியாதபடி சிலுவையைப் பழைய துணியில் சுற்றி வைத்துவிட்டேன். காலையில் உன் தங்கையிடம் கொடுப்பேன். புதன்கிழமை அவள் நெற்றியில் இருக்கும் சாம்பலில் உன் ஓலை எது என்று எனக்கே தெரியாது. கொடுக்கும்போது கை நடுங்கும். நடுங்கட்டும். உனக்கும்தான் நடுங்கியது.