கொழுந்தன் ஊற்றிய ஆயில்

புதன்கிழமை, ராத்திரி.

ஒரகடத்தில் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் என் மகனின் கார், ஆயில் குறைந்து இன்று வழியில் நின்றது. அந்தப் பக்கம் வந்த என் கொழுந்தன் தன்னிடம் இருந்த வேறு ரக எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டான். என் புருஷன் செத்தபோது, அண்ணன் காரியத்துக்குக்கூட வராதவன் அவன்.

"எஞ்சின் போனா நம்ம பொழப்பே போச்சு. அந்தாள இன்னாத்துக்குடா கை வைக்க வுட்ட?" என்று மகனைத் திட்டினேன்.

மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரெண்டு ஆயிலு கலந்தா உடனே ஒண்ணும் ஆவாதும்மா. ஆயிலே இல்லாம ஓட்டிகினு வந்திருந்தாதான் எஞ்சின் போயிருக்கும். சீக்கிரம் மொத்தமா மாத்திடுங்க."

வண்டி பிழைத்தது நிம்மதிதான். கொழுந்தனைத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லையே என்றும் இருக்கிறது. நாளைக்குச் சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்கிறான் மகன்.

சோறு போடுவேன். பேசுவேனா என்று தெரியவில்லை.